அனிமே பரிந்துரைக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள சீனியர் ரசிகர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய அனிமேஷனான அனிமேவின் ரசிகர்களாகிய உங்களில் பலரை எனக்கு நேரிலேயே தெரியும். ஹாஸ்டல் அறையிலோ, ஆபீஸ் கேன்டீனிலோ, கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதோ யாராவது ஒருவர், "அனிமே அனிமேன்னு சொல்றீங்களே, நான் ஒண்ணுகூட பார்த்ததில்ல, எதுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுவிட்டால் போதும், உங்களுக்கு முகமெல்லாம் பல். கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும்: அட்டாக் ஆன் டைட்டன், டெத் நோட், நருட்டோ, ஒன் பீஸ். கூடவே ஒரு உத்தரவாதம்: "பார்த்துட்டு சொல்லு, வேற லெவல்."

கேட்டவர் இருபது வயதுக் கல்லூரிப் பையனாக இருந்தாலும் இதே நான்குதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் பிடித்து வேலைக்குப் போகிற அக்காவுக்கும் இதே நான்குதான். ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவர் ஆசையாகக் கேட்டபோதும் இதே நான்கைத்தான் எழுதிக் கொடுத்தீர்கள். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த நான்கும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நான்கும் எனக்குப் பிடிக்கும். என் புகார் வேறு. விருந்தாளிக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்காமலே இலையில் ஜாங்கிரி வைக்கிற மாதிரி, நமக்குப் பிடித்ததை அடுத்தவர் தலையில் கட்டுகிறோம். அவர் இரண்டு எபிசோடு பார்த்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் செட் ஆகாதுப்பா" என்று போய்விடுகிறார். அவருக்கு ஒத்துவராதது அந்த ஒரே ஒரு தொடர். ஆனால் அவர் கணக்கில் மொத்த அனிமேவும் அதோடு சேர்த்தி. அதற்கு அப்புறம் நீங்கள் எவ்வளவு நல்லதைச் சொன்னாலும் எடுபடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பெயரைச் சொல்வதற்கு முன்னால் கேட்டவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கடைசியாக எந்தப் படமோ நாவலோ சீரியலோ அவரைத் தூங்கவிடாமல் அடித்தது? ஒரு நாளைக்கு அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

இரண்டாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. ஒன் பீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயிச்சிரோ ஓடா 1997 ஜூலையில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். டிவி தொடர் 1999 அக்டோபரில் ஆரம்பித்து 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு, முன்கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாலும் எபிசோடுக்கு இருபது நிமிடம் என்று வையுங்கள். தினம் தவறாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வருடம் ஆகும். "ஆர்லாங் பார்க் வரைக்கும் பொறுத்துக்கோ, அப்புறம் நீயே விடமாட்ட" என்கிறீர்கள். அந்தக் கதைப்பகுதி முடிவது 44ஆவது எபிசோடில். அதாவது கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரம் ஒருவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். அதே கதை மங்காவில் 11ஆம் தொகுதிக்குள் முடிந்துவிடுகிறது. படிக்கிற பழக்கம் உள்ளவரிடம் மங்காவைக் கொடுத்தால் சில சாயங்காலங்களில் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். இதைச் சொல்ல உங்களுக்கு ஏன் தோன்றுவதில்லை?

நருட்டோவுக்கு வருவோம். முதல் தொடரில் 220 எபிசோடு. அதில் 135ஆவதோடு மங்காவிலிருந்து எடுத்த கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் கடைசி எபிசோடு வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே ஃபில்லர். உங்களுக்கும் எனக்கும் இது மனப்பாடம். புதிதாக வருகிறவருக்கு ஃபில்லர் என்றால் என்னவென்றே தெரியாது. வாராவாரம் வெளிவரும் மங்காவை வாராவாரம் ஓடும் டிவி தொடர் துரத்திப் பிடித்துவிடும். எடுக்கக் கதை தீர்ந்துவிட்டால் ஸ்டுடியோ தானே ஒரு கதையைச் செய்து நேரத்தை ஓட்டும். மங்கா கொஞ்சம் முன்னால் போன பிறகு மறுபடி அசல் கதைக்குத் திரும்பும். இதை விளக்கிச் சொல்லிவிட்டு, "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரைக்கும் தாண்டிப் போ, ஒண்ணும் குடி முழுகாது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? உச்சக்கட்ட சண்டை முடிந்ததும் அவர் வாரக்கணக்கில் துணைக்கதைகளாகப் பார்த்துக்கொண்டு, "இதையா இவ்வளவு பெருசா பேசினான்?" என்று உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இதே கோளாறின் இன்னொரு வடிவம் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட். இதில் நமக்குள் அடிதடியே நடக்கும். ஹிரோமு அரகாவாவின் மங்கா 2001இல் தொடங்கியது. 2003இல் போன்ஸ் ஸ்டுடியோ அதை டிவிக்கு எடுத்தபோது மங்கா பாதிகூட வரவில்லை. அதனால் அந்த 51 எபிசோடு தொடர் பாதி வழியில் சொந்தக் கதைக்குப் போய், தனக்கென்று ஒரு முடிவைச் செய்துகொண்டது. 2009இல் அதே ஸ்டுடியோ பிரதர்ஹுட் என்ற பெயரில் மறுபடி முதலிலிருந்து எடுத்தது. மங்காவின் கடைசி அத்தியாயம் 2010 ஜூனில் வந்தது; தொடரின் 64ஆவது எபிசோடு அடுத்த மாதமே ஒளிபரப்பானது. புதியவருக்கு பிரதர்ஹுட்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழைய தொடரைப் பார்த்தவர்கள்தானே பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பில் பிரதர்ஹுட் ஆரம்பக் கதைகளை ஓட்டமாக ஓடிக் கடந்துவிடும். நீனா என்ற அந்தச் சிறுமியின் கதையைப் பழைய தொடரில் பார்த்தவர்களுக்கு வலிக்கிற வலி, புதியதில் மட்டும் பார்த்தவர்களுக்கு இருக்காது. இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல ஐந்து விநாடி ஆகுமா?

டெத் நோட்டை மட்டும் உங்கள் பட்டியலிலிருந்து நான் எடுக்கமாட்டேன். 37 எபிசோடு. முதல் இருபது நிமிடத்திலேயே ஆட்டம் புரிந்துவிடும், அடுத்து என்ன என்று கேட்க வைத்துவிடும். துப்பறியும் கதை பிடித்தவர் யாருக்கும் தைரியமாகக் கொடுக்கலாம். 25ஆவது எபிசோடுக்கு அப்புறம் கொஞ்சம் தொய்வு என்று எச்சரிக்கவும் வேண்டும். ஏன் தொய்வு என்று காரணம் சொல்லத் தொடங்கினால் அதுவே ஸ்பாய்லர் ஆகிவிடும் என்பது வேறு சிக்கல்.

ஸ்பாய்லர் என்றதும் ஞாபகம் வருகிறது. கதையைச் சொல்லிவிடுவது மட்டும்தான் ஸ்பாய்லர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். "மூணாவது எபிசோடு வரைக்கும் பாரு, அதுக்கு மேல நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்று கண்ணை உருட்டிக்கொண்டு சொல்வதும் ஸ்பாய்லர்தான். 2011இல் வந்த மடோகா மேஜிகாவை எத்தனை பேருக்கு இப்படியே கெடுத்திருக்கிறோம்! குட்டிப் பெண்கள் மந்திரக்கோல் சுற்றும் கதை என்று நம்பி உட்கார்ந்தால்தான் அதன் அடி விழும். எச்சரிக்கப்பட்டவர் மூன்றாவது எபிசோடில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே முதல் இரண்டைப் பார்ப்பார். "பன்னிரண்டு எபிசோடுதான், சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்காதீங்க" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

சரி, எப்படிப் பரிந்துரைப்பது என்று ஜப்பானிலேயே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 2008இலிருந்து மங்கா தைஷோ என்று ஒரு விருது கொடுக்கிறார்கள். பதிப்பகங்கள் தங்கள் பத்திரிகையை உயர்த்திக்கொள்ளக் கொடுக்கிற விருது இல்லை இது. புத்தகக் கடை ஊழியர்களும் மங்கா பைத்தியங்களும் தன்னார்வமாகக் கூடி, சமீபத்தில் படித்ததில் எதை இன்னொருவருக்குக் கொடுக்கத் துடிக்கிறோம் என்று வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. இதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எட்டுத் தொகுதிகளுக்கு மேல் போய்விட்ட மங்கா போட்டிக்கு வர முடியாது. ஐம்பது தொகுதி ஓடிய மகா காவியத்தை, "இப்போ ஆரம்பி" என்று ஒருவர் கையில் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தினமும் கடையில் நின்று விற்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெயித்தவற்றைப் பாருங்கள். 2009இல் சிஹயாஃபுரு. 2010இல் பழைய ரோமாபுரியின் குளியல் கூடக் கட்டடக் கலைஞர் ஒருவர் இன்றைய ஜப்பானுக்குள் வந்து முழிக்கும் தெர்மே ரோமே. 2012இல் சில்வர் ஸ்பூன். 2020இல் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பையனின் கதையான புளூ பீரியட். 2021இல் ஃப்ரீரென். எதுவும் எதைப் போலவும் இல்லை. வாள் பிடித்த பையன்கள் மட்டுமே மங்கா என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பட்டியலைக் காட்டினாலே போதும்.

இப்போது தமிழ் வாத்தியாரிடம் வருகிறேன். பாட்டும் செய்யுளுமாக வாழ்ந்தவர். அந்தாதி சொல்லச் சொன்னால் இன்றைக்கும் நிறுத்தமாட்டார். அவருக்குப் போய் அட்டாக் ஆன் டைட்டன்! மனிதனை ராட்சதன் தின்கிற காட்சி வந்ததும் டிவியை அணைத்துவிட்டார். அவருக்காகவே செய்தது போல சிஹயாஃபுரு இருக்கிறது. யுகி சுவேத்சுகுவின் மங்கா, 50 தொகுதி. 2011இல் மேட்ஹவுஸ் எடுத்த முதல் சீசன் 25 எபிசோடு.

கதை கருதா என்ற சீட்டு விளையாட்டைப் பற்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தேய்க்கா தொகுத்ததாகச் சொல்லப்படும் நூறு புலவர்களின் நூறு பாட்டு. பாட்டுக்கு ஒரு சீட்டு. அதில் பின்பாதி மட்டும் அச்சிட்டிருக்கும். எதிரெதிரே இரண்டு பேர் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து, நூறில் ஐம்பது சீட்டை மட்டும் நடுவில் பரப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் பாட்டின் முதல் வரியிலிருந்து ராகமாகப் படிக்கிறார். எந்தப் பாட்டு என்று தெரிந்த நொடியில் அதன் சீட்டை யார் முதலில் தட்டி எறிகிறாரோ அவருக்குத்தான் அது. நூறு பாட்டில் ஏழு பாட்டு, வேறெந்தப் பாட்டும் தொடங்காத எழுத்தில் தொடங்குகின்றன. அந்த முதல் எழுத்து வாயிலிருந்து முழுதாக வருவதற்குள் கை போய்விட வேண்டும். பரப்பாத ஐம்பது பாட்டையும் இடையிடையே படிப்பார்கள். ஏமாந்து கையை வைத்தால் அபராதம். சிஹயா என்ற பெண்ணுக்குக் காது கூர்மை. எழுத்து பிறப்பதற்கு முன்னால் வருகிற மூச்சிலேயே பாட்டைப் பிடிக்கிறாள். தொடரின் தலைப்பும் ஒரு பாட்டின் முதல் சொல்தான். ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் அரிவாரா நோ நரிஹிரா, தத்சுதா ஆற்றில் சிவந்த இலைகள் மிதப்பதைப் பாடியது.

வாத்தியார் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு, "முப்பத்தொரு அசைக்குள்ள இதை முடிக்கிறானா!" என்றார். அவர் இப்போது மூன்றாவது சீசனில் இருக்கிறார். யார் யாரைக் கட்டிக்கொள்வார் என்று என்னிடம் வாராவாரம் விசாரணை வேறு.

அப்புறம் என் சித்தி. கார்ட்டூன் என்றால் பிள்ளைகள் சோறு சாப்பிட வைப்பது என்பது அவர் எண்ணம். அதில் தப்பில்லை, நம் வீடுகளில் டோரேமானும் ஷின்-சானும் தமிழ் பேசிக்கொண்டு அந்த வேலையைத்தான் பார்த்தார்கள். அவருக்கு நான் போட்டுக் காட்டியது இசாவோ தக்காஹாத்தா 1991இல் எடுத்த ஒன்லி யெஸ்டர்டே. ஜிப்லி ஸ்டுடியோவின் படம்தான். ஆனால் இதில் பேயும் இல்லை, பறக்கிற கோட்டையும் இல்லை. டோக்கியோவில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் தாயெக்கோ, லீவு போட்டுவிட்டு யமகத்தா கிராமத்தில் குசும்பப் பூ பறிக்கப் போகிறாள். போகிற வழியெல்லாம் ஐந்தாம் வகுப்பில் படித்த தன் ஞாபகமே கூட வருகிறது.

அதில் ஒரு காட்சி. 1966. வீட்டுக்கு முதல் முதலாக முழு அன்னாசிப்பழம் வருகிறது. டின்னில் அடைத்ததைத்தான் அதுவரை பார்த்திருக்கிறார்கள். எப்படி வெட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வந்து, குடும்பமே சுற்றி உட்கார, அம்மா வெட்டுகிறார். ஆளுக்கு ஒரு வட்டத் துண்டு. வாயில் வைத்தால் கெட்டி, இனிப்பும் இல்லை. ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்துகிறார்கள். பழங்களில் வாழைப்பழம்தான் ராஜா என்று பேச்சு வேறு. தாயெக்கோ மட்டும் விடாமல் மென்றுகொண்டே இருக்கிறாள், ஏனென்றால் ஆசைப்பட்டது அவள். ஒரு சண்டை இல்லை, ஒரு பின்னணி இசைக் குமுறல் இல்லை. சித்தி அந்த இடத்தில் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் வீட்டில் முதல் தடவை ஆப்பிள் வாங்கி ஐந்து பேர் பங்கு போட்ட கதையைச் சொன்னார். "இது கார்ட்டூன் இல்லையே" என்றார். அவ்வளவுதான், மறுநாளே, "வேற இருக்கா?"

உங்கள் நான்கில் எதைக் கொடுத்திருந்தாலும் சித்தி தேறியிருக்கமாட்டார்.

மதிப்பெண் நெருக்கடியில் நொந்துபோன தம்பி தங்கைகளுக்கு நான் கொடுப்பது சில்வர் ஸ்பூன். ஃபுல்மெட்டல் எழுதிய அதே அரகாவாதான். ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, விவசாய உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். சப்போரோவில் படிப்பு படிப்பு என்று ஓடி மூச்சு முட்டிப்போன ஹச்சிக்கென், வீட்டை விட்டுத் தூரமாக இருக்கிறது, விடுதி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விவசாயப் பள்ளியில் சேர்கிறான். முட்டை கோழியின் எந்த வழியாக வருகிறது என்று அங்கேதான் முதலில் பார்க்கிறான். பார்த்த பிறகு தொண்டையில் இறங்கவில்லை. கறிக்காக வளர்க்கிற ஒரு நோஞ்சான் பன்றிக்குட்டிக்கு, பேர் வைக்காதே என்று எல்லோரும் தடுத்தும், பேர் வைக்கிறான். வைத்த பேர் என்ன தெரியுமா? பூட்டாடோன். ஜப்பானில் சோற்றின் மேல் பன்றிக்கறி வைத்துக் கொடுக்கும் சாப்பாட்டின் பெயர் அது. அது வளர்ந்து வெட்டுக்குப் போகும் நாள் வரும்போது அவன் என்ன செய்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை. 15 தொகுதி, அனிமேவில் இரண்டு சின்ன சீசன். தேர்வில் ஒரு முறை விழுந்த பிள்ளைக்கு அறிவுரை சொல்வதை விட இது நல்லது.

இனி கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான் ஒரு பெண். நீங்கள், "கதை செம, நடுநடுவுல சில சீன் வரும், அதைக் கண்டுக்காதீங்க" என்று ஒரு தொடரைக் கொடுக்கிறீர்கள் இல்லையா, அந்தச் சில சீனில் வருவது என்னைப் போல ஒருத்தி. பள்ளிச் சீருடையில் இருப்பவளை கேமரா கீழிருந்து பார்க்கிறது. கண்டுக்காமல் இருக்க முடியவில்லை. என்ன வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்று நாங்களே முடிவு செய்துகொள்கிறோம். சொல்லாமல் கொடுத்துவிட்டு, நிறுத்திவிட்டவளை, "உனக்கு ரசனை பத்தாது" என்று சொல்வது அநியாயம்.

அப்புறம் ஷோஜோ என்றாலே, "அது பொண்ணுங்க பார்க்கிறது" என்று ஒதுக்குகிறீர்கள். ஷோனென் (பையன்கள்), ஷோஜோ (சிறுமிகள்), செய்னென் (ஆண்கள்), ஜோசெய் (பெண்கள்) எல்லாம் எந்த வாசகரை நினைத்து அந்தப் பத்திரிகை நடக்கிறது என்பதைச் சொல்வது மட்டும்தான். கதையின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஃபுல்மெட்டலை எழுதியது ஒரு பெண். இனுயாஷாவை எழுதிய ருமிகோ தக்காஹாஷி பெண். பையன்கள் பத்திரிகையில் எழுதியே பெரிய ஆள் ஆனவர். 2019இலிருந்து 2021 வரைக்கும் 63 எபிசோடில் மங்கா முழுவதையும் எடுத்து முடித்த ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டைப் பார்க்காமலே, "காதல் கதை" என்று தள்ளியவர்கள் உங்களில் எத்தனை பேர்? பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமையை அதைப் போலப் பொறுமையாகப் பேசிய ஷோனென் தொடர் ஒன்றைக் காட்டுங்கள், நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வயது விஷயமும் உண்டு. ஜிப்லி என்றால் குழந்தைப் படம் என்று நம்பி, கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். போரில் அனாதையான அண்ணனும் தங்கையும் பட்டினி கிடக்கும் கதை. இதைச் சொல்லப்போனால் ஜப்பானே 1988 ஏப்ரலில் அதையும் குழந்தைகள் படமான டோட்டோரோவையும் ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாக ஓட்டியது, அந்த யோசனை யாருக்கு வந்ததோ! மேட் இன் அபிஸ் இன்னும் மோசமான பொறி. உருண்டைக் கன்னக் குழந்தைகள், அழகான பச்சை நிலம்; பத்தாவது எபிசோடில் பெரியவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அருமையான தொடர், மறுக்கவில்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி.

முடியாத கதைகளைக் கொடுக்கும்போது முடியாதது என்று சொல்லிவிடுங்கள். அய் யஸாவாவின் நானா 2009இல் அவர் உடல்நலக் குறைவால் நின்றது, அப்படியே நிற்கிறது. ஹன்டர் எக்ஸ் ஹன்டர் எழுதும் தொகாஷிக்கு முதுகு வலி. அது வரும், போகும். பெர்செர்க்கின் மியூரா 2021இல் இறந்துபோனார். மறு வருடத்திலிருந்து அவர் நண்பர் மோரியும் மியூராவின் ஸ்டுடியோவும் சேர்ந்து தொடர்கிறார்கள். கூடைப்பந்துக் கதையான ஸ்லாம் டங்க்கின் டிவி தொடர் 101 எபிசோடோடு, மங்காவின் பெரிய மாட்ச்சைத் தொடாமலே நின்றுவிட்டது. அந்த மாட்ச் திரைக்கு வந்தது 2022 டிசம்பரில். முடிவில்லாமல் தொங்குவதைத் தாங்குகிறவர்கள் உண்டு, தாங்காதவர்களும் உண்டு. சித்தி தாங்கமாட்டார்.

டப் சண்டையை இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். "டப்ல பார்த்தா அது அனிமேவே இல்ல" என்று சொல்லும்போது, ஆங்கில சப்டைட்டிலை அந்த வேகத்தில் படிக்க முடியாத எல்லோரையும் வெளியே நிற்க வைக்கிறீர்கள். சோலோ லெவலிங் போன்றவை தமிழ் டப்பிலேயே கிடைக்கின்றன. தமிழில் பார்க்கிற பத்து வயதுப் பையனைக் கிண்டல் செய்யாதீர்கள், அடுத்த பதினைந்து வருடத்துக்கு அனிமேவைப் பற்றி வாய் ஓயாமல் பேசப்போவது அவன்தான்.

மங்கா கொடுப்பவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதைக் கையில் கொடுக்கும்போதே ஒரு பக்கத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள்: மேல் வலது கட்டம், அப்புறம் அதன் இடது, அப்புறம் கீழே. ஆங்கிலப் பதிப்புகளில், "நிறுத்து, தப்பான பக்கம் திறந்துவிட்டாய்" என்று கடைசியில் அச்சிட்டிருப்பார்கள்தான். ஆனால் நம் ஆட்கள் அதைப் பார்ப்பதற்கு முன் கடைசிச் சண்டையைப் பார்த்துவிடுவார்கள். ஒரு தொகுதி சில நூறு ரூபாய் என்பதால் வாங்கிப் படிக்கத் தயங்குகிறவர்களுக்கு, ஷுயிஷா பதிப்பகம் 2019இல் தொடங்கிய மங்கா பிளஸ் செயலியைக் காட்டுங்கள். ஷோனென் ஜம்ப் தொடர்கள் பலவற்றின் முதல் சில அத்தியாயங்களும் புதிதாக வந்த அத்தியாயங்களும் அங்கே காசில்லாமல், திருட்டும் இல்லாமல் கிடைக்கின்றன. ருசி பார்க்க அது போதும்.

ஒன்றும் தெரியாதவர், ஒன்றும் கேட்கவும் நேரமில்லை, பஸ் வந்துவிட்டது, ஒரே ஒரு பெயர்தான் சொல்ல முடியும் என்றால்? நான் ஃப்ரீரென் சொல்வேன். மற்றக் கதைகள் முடிகிற இடத்தில் அது தொடங்குகிறது. அசுர ராஜாவை வென்றுவிட்டு நான்கு பேர் ஊர் திரும்புகிறார்கள். அதில் ஃப்ரீரென் மட்டும் ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்கிற எல்ஃப். ஐம்பது வருடம் கழித்து வந்து பார்த்தால், கூட வந்த ஹிம்மெல் தலை வழுக்கையாகி, கூனிப்போய் நிற்கிறான். கொஞ்ச நாளில் அவன் சாவு. சவப்பெட்டி பக்கத்தில் அழாமல் நின்றவள், மண் போடும்போது, பத்து வருடம் கூடச் சுற்றியும் இவனைப் பற்றித் தெரிந்துகொள்ளவே இல்லையே என்று உடைந்துபோகிறாள். இது முதல் எபிசோடிலேயே வந்துவிடும் என்பதால் சொன்னேன், ஸ்பாய்லர் என்று சண்டைக்கு வராதீர்கள். இதற்கு மங்கா, மந்திரம், ஜப்பான் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழவு வீட்டுக்குப் போய் வந்த யாருக்கும் புரியும். முதல் சீசன் 28 எபிசோடு.

கடைசியாக, நீங்கள் எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், நான் கேட்ட கேள்விகளுக்கு முதலில் நானே பதில் எழுதிவிடுகிறேன். என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது மான்ஸ்டர்; டூசல்டார்ஃப் ஆஸ்பத்திரியில் மேயரை விட்டுவிட்டு ஒரு பையனின் தலையில் ஆபரேஷன் செய்த டாக்டர் தென்மா எங்கேயெல்லாம் அலைந்தார் என்று 74 எபிசோடும் பார்த்தேன். அதற்கு நேர் எதிராக, அமைதியாகப் போகும் முஷிஷியும் பிடிக்கும், மூன்று தடவையாவது பார்த்திருப்பேன். ராத்திரி சமையலறை ஒழித்துப் போட்ட பிறகு ஒரு எபிசோடுக்குத்தான் நேரம். கதை முடிந்திருக்க வேண்டும். ரத்தம் பரவாயில்லை, குழந்தைகளைப் படுத்துவது வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நடக்காததாக இருந்தால் நல்லது. முக்கிய பாத்திரத்துக்கு நாற்பது வயது தாண்டியிருந்தால் ரொம்பச் சந்தோஷம். அப்படி ஒன்று இருக்கிறதா என்றே தேடிக்கொண்டிருக்கிறேன். என்ன பார்க்கட்டும்?

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி